நாற்பத்தாறு பெட்டியும் நாற்பத்து நான்கு மூடியும்

குப்பை லொறிக்காரர் என் பையைத் திருப்பித் தந்த செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை தோல், சக்கை போன்ற உக்கும் குப்பை மட்டும்தான் எடுப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஒரு கிழமைக் குப்பை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் அவிழ்க்கவில்லை. காதருகே வைத்துக் குலுக்கினார். பிளாஸ்டிக் சத்தம் கேட்டது.

"மாத்தயா, மேக பே" என்றார். ஐயா, இது சரிவராது.

என் கையில் வாங்கும்போது பை கிழிந்தது. தேயிலைச் சக்கை, மீன் முள், மருந்துக் குளிசை அட்டை, யோகட் கோப்பை எல்லாம் கொட்டாஞ்சேனைத் தெருவில் பரவின. பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க நான் குனிந்து பொறுக்கினேன். எழுபத்தேழு வயதில் குனிவது இலகுவல்ல. இருபத்திரண்டு தரம் குனிந்தேன்.

துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் டலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி, நான்கு கோடு போட்டு ஐந்தாவது கோட்டால் வெட்டி, சரக்கை ஒப்படைக்கும்போது துண்டு எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் பல்கனியில் பழைய பத்திரிகையை விரித்து, பையில் இருந்தவற்றைப் பிரித்து எண்ணினேன். சோறு சுற்றித் தரும் லஞ்ச் ஷீட் ஒன்பது. சோற்றுப் பார்சலுடன் கறியும் சொதியும் வரும் சின்னப் பொலித்தீன் பை பதினெட்டு. சொப்பிங் பேக் பதினேழு. யோகட் கோப்பை ஆறு. பிஸ்கட் உறை ஏழு. கறித்தூள் வந்த பை நான்கு. குளிசை அட்டை ஐந்து. மொத்தம் அறுபத்தாறு.

என் வீட்டில் இருப்பது ஒருவர்.

மனைவி இருந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து இதில் கால்வாசியும் வந்திராது. அவள் போன பிறகு நான் கடைச் சோற்றில் இறங்கிவிட்டேன். அன்று கலண்டரின் பின்பக்கத்தில் 66 என்று எழுதி, அதன் கீழே கோடு கீறினேன். இதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். லொறிக்காரருக்குப் பயந்து எடுத்த முடிவல்ல. அறுபத்தாறு என்பது ஒரு தனி மனிதனுக்கு வெட்கக்கேடான எண்.

முதலில் சோறு. அலுமாரியில் இருந்த அடுக்குக் கரியரைத் துடைத்து எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். காசாளர், ஐயா கதிர்காமத்துக்கு நடைபயணமா என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோற்றை ஒரு தட்டில் போட்டுத் தந்தவர், கறிகளை வழக்கம்போல் பொலித்தீன் பைகளில் கட்டி, அந்தப் பைகளைக் கரியரின் மற்றத் தட்டில் வைத்துத் தந்தார். நான் அங்கேயே நின்று, பைகளை அவிழ்த்துக் கறியைத் தட்டில் ஊற்றி, வெறும் பைகளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் கறியை நேரே தட்டில் ஊற்றினார்கள்.

மீனுக்கு மூடியுள்ள சட்டி. மரக்கறிக்குத் துணிப்பை. பையை மறந்து போய்விட்டால் எதுவும் வாங்காமல் திரும்பி வருவது என்று ஒரு சட்டம் வைத்தேன். இந்தச் சட்டத்தால் ஐந்து தரம் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். எங்கள் வீடு மூன்றாம் மாடியில். படிகள் நாற்பத்திரண்டு. ஆறாம் தரம் மறக்கவில்லை.

தோலும் சக்கையும் பல்கனியில் மூன்று பூச்சாடிகளுக்குள் போயின. ஒரு படை தோல், ஒரு படை தேங்காய்த் தும்புத்தூள். முதல் இரண்டு கிழமையும் நாற்றம். கண்ணுக்குத் தெரியாத சின்ன ஈக்கள் வந்தன. மேல் மாடிக்காரர் முறையிடுவார், நிர்வாகக் குழு கடிதம் போடும் என்று தினமும் கதவடியில் பார்த்தேன். ஈரம் கூடிவிட்டது என்று பிறகுதான் விளங்கியது. தும்புத்தூளை இரட்டிப்பாக்கினேன். நாற்றம் நின்றது. எறிந்த செத்தல் மிளகாய்க் காம்புகளோடு விதையும் போயிருக்க வேண்டும். நான் கேட்காமலே மூன்று மிளகாய்க் கன்றுகள் முளைத்தன.

நான்கு மாதத்தில் அறுபத்தாறு பதின்மூன்றாகியது. பிளாஸ்டிக் எடுக்கும் நாளில் லொறிக்காரர் என் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, மாத்தயா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாரா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் பிழை விட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் எதிர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் இடையில் ஆறு அடி. முஸ்லிம் குடும்பம். கணவர் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் கடை வைத்திருப்பவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றே கூப்பிடுவேன். அவருடைய மனைவி எனக்குத் தங்கச்சி. என் மனைவி அவளுக்கு அக்கா. இருபத்தொரு வருடப் பழக்கம்.

மனைவியை அடக்கம் செய்த மறுநாள் காலை ஏழு மணிக்கு எதிர்க் கதவு திறந்தது. "அங்கிள், ஈக்கிறீங்களா?" என்று தங்கச்சி அங்கிருந்தே கேட்டாள். இருக்கிறீர்களா என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். "ஓம் தங்கச்சி" என்றேன். கதவு சாத்தப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அதே கேள்வி, அதே பதில். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து பார்த்தால் நானா சுத்தியலோடு என் கதவருகே நின்றார். பூட்டை உடைக்கக் கடையில் இருந்து புதிதாக எடுத்து வந்த சுத்தியல். விலைத்துண்டு அதில் அப்படியே இருந்தது.

குளியலறையில் விழுந்து, யாருக்கும் தெரியாமல் கிடக்க நேருமோ என்பதுதான் எனக்குள்ள ஒரே பெரிய பயம். வெள்ளவத்தையில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவாள். மற்ற ஆறு நாளுக்கும் எனக்கு இருந்தது அந்த ஏழு மணிக் குரல் மட்டும்தான்.

குரலோடு சாப்பாடும் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானா வந்ததும், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பிரியாணியோ, நெய்ச் சோறோ, வட்டிலப்பமோ கதவைத் தட்டும். கடைகளில் சாப்பாடு கட்டித் தரும் மூடி போட்ட பெட்டி. பெட்டியைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று தங்கச்சி முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் ஒவ்வொன்றையும் கழுவிக் காய வைத்து, மனைவியின் மேல் அலுமாரியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். எறிய மனம் வரவில்லை.

மனைவி போய் வருடம் திரும்பிய மாதத்தில் ஒரு நாள், அலுமாரியைத் திறந்ததும் அவை அத்தனையும் என் தலையில் விழுந்தன. நிலத்தில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தாறு. அப்போதுதான் என் கணக்கில் இருந்த மோசடி விளங்கியது. பையில் பதின்மூன்று என்று பெருமைப்பட்டுக்கொண்டு, நாற்பத்தாறை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். குப்பையைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறேன்.

எனக்குத் தோன்றிய வழி மிக நியாயமாகத் தெரிந்தது. பெட்டிகள் நல்ல நிலையில் இருக்கின்றன. திருப்பிக் கொடுத்தால் அவள் மீண்டும் பாவிக்கலாம், புதிது வாங்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் மறுபடி வெந்நீரில் கழுவித் துடைத்து, இரண்டு துணிப்பைகளில் அடுக்கினேன். மூடிகளை எண்ணினால் நாற்பத்து நான்குதான். வீடு முழுக்கத் தேடியும் இரண்டு கிடைக்கவில்லை. ஒப்படைப்பில் குறை இருந்தால் மறைக்கக் கூடாது என்பது துறைமுகப் பாடம். ஒரு துண்டில் எழுதினேன்: "பெட்டி 46. மூடி 44. சரிபார்த்து எடுக்கவும்." கீழே கையெழுத்தும் வைத்தேன். எதிர் வீட்டில் அப்போது யாரும் இல்லை. பைகளைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். அது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல்.

அன்று ஜும்ஆ முடிந்தும் சாப்பாடு வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் குரல் வரவில்லை.

ஞாயிறும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவள் படிக்கட்டில் மரக்கறிக்காரரோடு பேரம் பேசும் குரல் கேட்டது. நல்ல திடமான குரல். நான் கதவைத் திறந்தேன். தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானா படியில் எதிர்ப்பட்டபோது சுகம் விசாரித்தார். வழக்கமாகப் பத்து நிமிடம் கதைப்பவர், அன்று அதோடு முடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பிரியாணி வாசனை நடைபாதை முழுக்க நின்றது. என் கதவை யாரும் தட்டவில்லை.

கலண்டரில் குப்பை எண்ணிக்கைக்குப் பக்கத்தில், குரல் வராத காலைகளுக்கும் கோடு போடத் தொடங்கினேன். நான்கு கோடு, ஒரு வெட்டு. ஒன்பது வரை போனது. அந்த ஒன்பது நாளும் நான் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளித்தேன். திறந்து வைத்து என்ன பயன் என்று யோசித்தால், ஒரு பயனும் இல்லை.

என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்து, நான் கண்டுபிடித்த காரணத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு மூடி குறைந்ததால்தான் அவள் கோபித்துக்கொண்டாள் என்று நம்பினேன். கட்டில்களின் கீழே தேடினேன். பிறகு பிளாஸ்டிக் சாமான் கடைக்கே போய், அதே அளவு மூடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். பெட்டியோடு சேர்த்துத்தான் விற்பார்களாம். இரண்டு மூடிக்காக இரண்டு புதுப் பெட்டி வாங்குவதா என்று கடை வாசலில் நின்று குழம்பி, வாங்காமல் வந்தேன்.

அந்த ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மகள் வந்தாள். நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன், துண்டில் எழுதியது உட்பட. அவள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா, பெட்டிக்குள்ள என்ன வைச்சுக் குடுத்தனீங்கள்?"

"ஒண்டும் வைக்கேல்லை. கழுவித் துடைச்சுத்தான் குடுத்தனான்."

"நாப்பத்தாறும் வெறும் பெட்டியா?"

"ஓம்."

"கையெழுத்தும் வைச்சனீங்கள்."

"ஒப்படைக்கேக்கை வைக்கத்தானே வேணும்."

"நல்லா ஒப்படைச்சனீங்கள். உங்கட சாப்பாடு, உங்கட பெட்டி, இண்டையோட எல்லாம் சரி எண்டு எழுதிக் குடுத்திருக்கிறீங்கள். அம்மா ஒரு நாளாவது வெறும் சட்டி திருப்பி அனுப்பினவவா?"

அனுப்பியதில்லை. அது எனக்குத் தெரியும். இந்த மாடியில் எவரும் அனுப்புவதில்லை. அயல் வீட்டுச் சட்டி வந்தால் அதில் ஏதாவது வைத்துத்தான் திரும்பும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி, நான்கு தேசிக்காய். வெறும் பாத்திரம் போனால் உறவு முடிந்தது என்று பொருள். ஆனால் அதெல்லாம் மனைவியின் இலாகா. சட்டிகள் வருவதையும் போவதையும் இருபத்தொரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளே என்ன இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. அதோடு, திருப்பித் தரத் தேவையில்லை என்று சொல்லித் தந்த பிளாஸ்டிக் பெட்டியை யார் சட்டி என்று நினைப்பார்கள்?

மகள் எதையாவது வைத்து அனுப்பலாம் என்று குசினி அலுமாரியில் நல்ல பாத்திரம் தேடினாள். கீழ்த் தட்டில், எங்கள் சட்டிகளில் இருந்து தள்ளி, பழைய துவாய் ஒன்றில் சுற்றி ஒரு எவர்சில்வர் சட்டி இருந்தது, மூடியோடு. அவள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

எங்கள் மாடியில் பாத்திரங்கள் மாறிப் போகாமல் இருக்க எல்லோரும் அடியில் நகப்பூச்சால் குறி போடுவார்கள். எங்கள் சட்டிகளில் சிலுவை இருக்கும். இதில் சிவப்பாக ஒரு பிறை இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துதான் அதை யோசிக்க முடிந்தது. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன கிழமை வட்டிலப்பம் வந்தது. நானும் சாப்பிட்டேன். அவள் சட்டியைக் கழுவி, எங்கள் கறி எதுவும் படாமல் தனியாகத் துவாயில் சுற்றி வைத்தாள். கொஞ்சம் தெம்பு வரட்டும், ஏதாவது செய்து நிரப்பி அனுப்புகிறேன் என்று சொன்னாள். மூன்று நாளில் ஆஸ்பத்திரி. அதன் பிறகு அவள் திரும்பி வரவில்லை. சட்டியும் திரும்பிப் போகவில்லை. செத்த வீட்டில் வந்து சட்டியைக் கேட்க எதிர் வீட்டுக்காரிக்கு வாய் வந்திருக்காது. ஆகவே பிளாஸ்டிக் பெட்டி.

ஒரு சட்டி திரும்பாததால் வந்த பெட்டிகள் நாற்பத்தாறு. பெட்டிகளை இரண்டு தரம் எண்ணிய நான், இந்த ஒன்றை எண்ணவே இல்லை.

"சீனி வைப்பமா?" என்று மகள் கேட்டாள்.

சீனி வேண்டாம் என்றேன். கடையில் வாங்கியது எதுவும் வேண்டாம். பல்கனிக்குப் போனேன். மூன்று செடியிலும் மிளகாய் தொங்கியது. நான் முதல் காய்ப்பை விதைக்கு விடலாம் என்று இருந்தேன். எல்லாவற்றையும் பறித்தேன். எட்டாத கிளையைப் பிடிக்கப் பூச்சாடியைச் சரித்தபோது, கீழே தண்ணீர் வடியாமல் இருக்க நான் வைத்திருந்த தட்டு கண்ணில் பட்டது. பெட்டி மூடி. பக்கத்துச் சாடியின் கீழேயும் ஒன்று. நாலு மாதமாக என் காலடியில் கிடந்திருக்கின்றன.

சட்டியை நிரப்பிக்கொண்டு நானே போனேன். மகள் எங்கள் வாசலில் நின்றாள். அவள்தான் தட்டச் சொன்னாள். நான் இரண்டு தரம் கையைத் தூக்கி இறக்கியிருந்தேன்.

தங்கச்சி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தாள். வாங்கி, மூடியைத் திறக்காமல், முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அக்காட்ட ஈந்த சட்டி."

"ஓம். அவ நிரப்பித் தர வேணுமெண்டு எடுத்து வைச்சவ. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தங்கச்சி."

"மௌத்தான ஊட்டுல போய்ச் சட்டியக் கேக்கேலுமா அங்கிள்?" என்றாள். பிறகு, "அந்தத் துண்டுல நாப்பத்தாறுன்னு எழுதி ஈந்திச்சி. நான் ஒரு நாளும் எண்ணல்ல" என்றாள்.

எண்ணுவது என் வியாதி, அதில் கணக்குத் தீர்க்கும் எண்ணம் இல்லை, குப்பையைக் குறைக்கிறேன் என்று பெரிய பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். லொறிக்காரர், அறுபத்தாறு, பதின்மூன்று எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அவள் மூடியைத் திறந்து, ஒரு மிளகாயை எடுத்து முகர்ந்தாள்.

"கடையில வாங்கினதா?"

"பல்கனியில வந்தது. குப்பையில முளைச்சது. நீங்கள் தந்த சாப்பாட்டில மிஞ்சின ஏலக்காயும் கறுவாப்பட்டையும் அதுக்குள்ளதான் போனது."

உள்ளே சாய்மனை நாற்காலியில் இருந்த நானா அதுவரை பத்திரிகையை இறக்கவில்லை. அங்கிருந்தே கேட்டார்: "ஐயா, இதையும் எண்ணித்தானே கொண்டாந்தீங்க?"

பொய் சொல்ல முடியவில்லை. "இருபத்து மூண்டு" என்றேன்.

"அப்ப துண்டு எங்க? நான் எதுல சைன் பண்ணுற?"

தங்கச்சி சிரித்துவிட்டாள். எங்கள் வாசலில் நின்ற மகளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரச் சிறிது நேரம் பிடித்தது. பெட்டிகளை என்ன செய்தீர்கள் என்று நானாவைக் கேட்டேன். கடைக்குக் கொண்டு போய் அளவு அளவாக ஆணியும் ஸ்க்ரூவும் போட்டு வைத்திருக்கிறாராம். மூடி இல்லாத இரண்டில் பெயின்ட் தூரிகை கழுவுகிறாராம். மூடிகள் என் பூச்சாடிக்குக் கீழே இருக்கின்றன, நாளைக்குத் தருகிறேன் என்றேன். பல்கனி நனைய வேண்டாம், மூடி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

மன்னிப்பு கிடைத்த இடத்தில் நிபந்தனை போடுவது சரியா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். இதைச் சொல்லாமல் வந்திருந்தால் அலுமாரியில் நாற்பத்தேழாவது பெட்டி ஏறியிருக்கும்.

"பெட்டி மட்டும் வேண்டாம் தங்கச்சி. இந்தச் சட்டியில தாங்கோ."

"சட்டி வெறும் சட்டியா வரப்படாது."

"வராது."

மறுநாள் காலை ஆறரைக்கே குளித்து முடித்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இருந்தேன். ஏழு மணிக்கு எதிர்க் கதவு திறந்தது.

"அங்கிள், ஈக்கிறீங்களா?"

"ஓம் தங்கச்சி."

வெள்ளிக்கிழமை சட்டி நெய்ச் சோற்றோடு வந்தது. அந்தக் கிழமை என் பையில் உக்காத சாமான் எட்டு. கலண்டரில் எழுதி, ஒற்றை இலக்கம் என்பதால் வட்டம் போட்டேன். லொறிக்காரர் பையை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். அப்படியே லொறிக்குள் போட்டார்.

சட்டி இப்போது கழுவிக் காய்ந்து என் மேசையில் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் அதை நிரப்ப வேண்டும். செடியில் ஏழு பிஞ்சுதான் நிற்கிறது, அதற்குள் முற்றாது. தேசிக்காய் வாங்கலாம் என்றால் சந்தைக்குப் போக வேண்டும், துணிப்பையை மறக்கக் கூடாது. மகளிடம் தொலைபேசியில் கேட்டு, பால் டொபி கிண்டும் முறையைத் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். கைவிடாமல் கிண்ட வேண்டுமாம். எத்தனை தரம் என்று கேட்டேன். அதை எண்ணக் கூடாது, பதம் பார்க்க வேண்டும் என்கிறாள். நாளைக்கு ஒரு தரம் செய்து பார்ப்பேன். சரிவராவிட்டால் புதன்கிழமை மறுபடி செய்வேன்.